பல் முளைத்த கிழங்கு

அந்தப் போன் ‘டிங்’ என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் போன் இல்லை, பக்கத்து மேசைக்காரியின் போன். அவள் உடனே எடுத்துப் பார்ப்பாள். முகக்கவசத்துக்கு மேலே கண் சுருங்கும். தோள் இரண்டும் குலுங்கும். கையில் இருக்கிற தூரிகையைக் கீழே வைத்துவிடுவாள். அந்தத் தூரிகையைக் கீழே வைக்க வைப்பது இத்தனை வருஷமாக என் வேலையாக இருந்தது.

நாங்கள் பொய்ப்பல் செய்கிறவர்கள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். மாவுக்காரர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி மாதிரி எடுப்பார். நான் அந்த மாதிரியின் மேல் மெழுகில் பல் செதுக்குவேன். என் மெழுகைப் பார்த்துத்தான் பிறகு உலோகத்தில் வார்ப்பார்கள். கடைவாய்ப் பல்லெல்லாம் என் கை. வெளியே தெரிகிற முன்பல்லெல்லாம் பக்கத்து மேசைக்காரியின் கை. அவள் பீங்கான் மாவைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு அடுக்குகிறவள். அதனால் பல் செய்கிற எங்கள் கூடத்தில் அவளுக்குப் பீங்கான் என்றே பெயர். மூச்சு பலமாக விட்டால்கூடக் கை ஆடிவிடும் வேலை அது. அப்படிப்பட்டவள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள் என்றால், காட்டியது நல்ல சரக்கு என்று அர்த்தம்.

சரக்கு பிடித்துவருவது என் பொறுப்பு. இணையத்தில் குப்பையைக் கிளறிக் கிளறி ஏதாவது ஒன்றைப் பொறுக்கி எடுப்பேன். தன் நாய்க்குத் தினமும் வானிலை அறிக்கை வாசித்துக் காட்டுகிற ஒரு பெரியவர். தன் வீட்டு நாற்காலிகளுக்கெல்லாம் பெயர் வைத்து, விருந்தாளி வந்தால் ஒவ்வொன்றையும் அறிமுகப்படுத்துகிற ஒரு அம்மாள். பார்த்ததும் எடுத்துக்கொண்டு ஓடமாட்டேன். நிஜமா, எவனாவது கதை விடுகிறானா என்று துருவிப் பார்ப்பேன். பொய் என்று தெரிந்தால், எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் சரி, தூக்கிப் போட்டுவிடுவேன். தேறியதை மறுநாள் டீ நேரத்தில் காட்டுவேன். அனுப்புகிற பழக்கமே எங்களுக்குள் கிடையாது. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீடியோவை நான் முன்பே பார்த்தாயிற்று. எனக்கு வேண்டியது அந்த முகம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் புதுசு வந்து சேர்ந்தாள்.

வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் புதுசுதான். முப்பது வயது இருக்கும். வேறொரு கூடத்தில் வேலை பார்த்தவள். இங்கே கடைசியில் இருக்கிற கண்ணாடிக் கதவு அறையில் மெருகு போடுகிறாள். வார்த்து வந்த பல்லையெல்லாம் ரப்பர் சக்கரத்தில் பிடித்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க அந்தச் சக்கரத்தின் இரைச்சலில் உட்கார்ந்திருப்பவள், பேச ஆள் இல்லாத குறையைப் போனில் தீர்த்துக்கொண்டாள் போலிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து அனுப்புவாள். பூனை, குழந்தை, வழுக்கி விழுகிற மணமகன், கண் சிமிட்டுகிற மீன். நிஜமா பொய்யா என்கிற கேள்வியே கிடையாது. நான் ஒன்றொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், இவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. ஆசை அறுபது நாள் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள், நத்தைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்த ஊர் ஒன்றைப் பிடித்தேன். நடுவர் பாதியில் தூங்கிப்போகிறார், அவர் சட்டைமேல் ஏறி ஒரு நத்தை எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது. அந்த ஊர் இருக்கிறதா, பந்தயம் நடந்ததா என்று எல்லாம் பார்த்து, டீ நேரத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, போனை நீட்டினேன்.

பீங்கான் ஒரு கண் பார்த்தாள். “ஓ, இதா? பார்த்துட்டேன்டி. புதுசு நேத்தே அனுப்பிட்டா” என்றாள்.

அவ்வளவுதான். டீயை ஊதிக் குடித்தாள். நீட்டிய கையை நான் எப்படி மடக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. போனில் அந்த நத்தை பாட்டுக்கு நடுவரின் வயிற்றின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. பீங்கான் மதியம் கை கழுவப் போகிறபோது கண்ணாடிக் கதவைத் தட்டிவிட்டுப் போகிறாள். உள்ளே இருந்து புதுசு எதையோ வாயசைத்துச் சொல்கிறாள், இவள் சிரிக்கிறாள். என்ன என்று கேட்டால், “அது ஒண்ணுமில்ல, முந்தாநாள் வந்த வீடியோல ஒருத்தன் சொல்வான். உனக்குப் புரியாது, முழுசா பார்த்தாத்தான்” என்கிறாள். எனக்குப் புரியாதாம். இவளுக்கு முதல் ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்து, எங்கே அமுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது யார்?   பாதி டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். அவர் பஸ் ஓட்டுகிறவர், எதையும் அடுத்த நிறுத்தம் வரைக்கும்தான் யோசிப்பார்.

“உனக்கு வயித்தெரிச்சல்” என்றார்.

“எனக்கா?”

“இல்ல, எனக்கு.”

“அவ அனுப்புறதுல பாதி பொய்ங்க. ஒண்ணையாவது சரி பார்க்குறாளா? எவன் எதைப் போட்டாலும் வாயைப் பொளந்துக்கிட்டு அனுப்பிடுறா.”

“போடட்டுமே. உன் சிநேகிதி சிரிக்கிறா. அவளுக்கு அது போதும்ல?”

அந்த ‘போதும்ல’தான் எனக்கு யோசனை கொடுத்தது. எதைப் போட்டாலும் விழுங்குகிறவளுக்கு நானே ஒன்றைப் போட்டால் என்ன? அவள் அதைக் கூடத்தில் எல்லோருக்கும் காட்டுவாள். எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறபோது, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு பேருக்கு முன்னால் கேட்பேன்: ‘பல் வேலை பார்க்கிற உனக்கு இது மெழுகுன்னுகூடத் தெரியலையா?’ அதற்கப்புறம் அவள் எதை அனுப்பினாலும் பீங்கானுக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்த இடத்தில் சிரிப்பு வராது.

விடுமுறை நாள் பகலில் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். கூடையில் இருந்ததிலேயே நல்ல கோணல்மாணலான உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்தேன். அதில் அகலத் திறந்த வாய் மாதிரி ஒரு பிளவு வெட்டினேன். ஈறுக்கு ரோஜா நிற மெழுகு. பல்லுக்கு, பல் நிறத்திலேயே வருகிற மெழுகு கொஞ்சம் என் பெட்டியில் இருந்தது. கூடத்துக் குப்பைத் தொட்டியில் தப்பாகிப்போன பற்கள் எத்தனையோ கிடக்கும். அதில் நாலைப் பொறுக்கிவந்து செருகியிருந்தால் வேலை முடிந்திருக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. கிழங்குக்கு வைத்தாலும் பல் பல்லாக இருக்க வேண்டாமா? ஒவ்வொன்றையும் செதுக்கினேன். மேடு, பள்ளம், ஓரத்துச் சரிவு, ஒன்றையும் விடவில்லை. மோசமாகச் செதுக்க எனக்குக் கை வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அவர் வண்டியை விட்டுவிட்டு வந்து தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

“கிழங்கு என்னைப் பார்த்துச் சிரிக்குது” என்றார்.

“சிரிக்கட்டும். தொடாதீங்க, மெழுகு இன்னும் இறுகல.”

“எனக்கும் ஒரு நாள் இப்படி ஏதாவது செஞ்சு கொடுத்திருக்கியா நீ?” என்று முனகிக்கொண்டே போனார்.

கிழங்கின்மேல் கொஞ்சம் மண்ணைப் பூசி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, வாயின் உள்பக்கமும் தெரிகிற மாதிரி கீழிருந்து படம் எடுத்தேன். புதுசு எங்கிருந்து சரக்கு எடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் அதை மறைத்ததே இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வாள். விநோதப் படங்கள் போடுகிற ஒரு பக்கம் அது. யார் வேண்டுமானாலும் போடலாம். அதில் பொய்ப்பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, படத்தைப் போட்டுக் கீழே எழுதினேன்: ‘தோட்டத்தில் தோண்டி எடுத்தது. இரண்டு நாளாகப் பல்லைக் கடிக்கிறது. என் மனைவி தூக்கம் கெடுகிறதென்று வேறு அறையில் படுத்துக்கொள்கிறாள்.’

எழுதிவிட்டு நானே சிரித்தேன். அடுத்த நிமிஷமே, இதைப் பீங்கானிடம் காட்ட முடியாதே என்று தோன்றியது. நான் பிடித்த எல்லாவற்றையும்விட இது நன்றாக இருந்தது. நான் செய்ததாயிற்றே, இருக்காதா?

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் படம் கிளம்பிவிட்டது. யார் யாரோ எடுத்துப் போட்டார்கள். கிழங்குக்குப் பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். கிழங்கோடு மனைவி சமாதானமாகிவிட்டாளா என்று விசாரித்தார்கள். நான் வேலைக்கு நடுவே போனைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டேன். வந்தவர்களில் யாருக்கும் இது பொய் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. பொய்யைத் தூக்கிப் போடுகிற நான் இத்தனை நாள் எதையெல்லாம் தூக்கிப் போட்டேனோ.

அன்றைக்கு டீக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்து மேசையில் ‘டிங்’.

நான் கையில் இருந்த மெழுகுக் கத்தியைச் சூடாக்க விளக்குச் சுடரில் காட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். பீங்கான் போனை எடுத்தாள். கண் சுருங்கியது. தூரிகை கீழே போனது. முகக்கவசத்தையே கழற்றிவிட்டாள். சத்தமே வராமல் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகிறது. ஒரு கணம் எனக்குத் திட்டமெல்லாம் மறந்துபோய் நெஞ்சு நிறைந்துவிட்டது. என்னால்தான் சிரிக்கிறாள்.

மாவுக்காரர் வெள்ளை வெள்ளையான கையோடு வந்து எட்டிப் பார்த்தார். “அட, எங்க வீட்டுக்காரம்மாவும் இப்படித்தான் பல்லைக் கடிக்கும்” என்றார். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவர் சிரித்தால் கூரையில் விரிசல் விழும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவரும் சிரித்தார். புதுசு கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, எல்லோருடைய முகத்தையும் பார்த்தபடி நின்றாள்.

எனக்கு இதுதான் நேரம். வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ‘இது மெழுகுன்னுகூடத் தெரியலையா?’

அப்போது பீங்கான் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். “இருங்க, இருங்க. பல்லைப் பாருங்களேன்” என்றாள். பல்லைப் பெரிதாக்கினாள். மேல் கடைவாய்ப் பல். திரை முழுக்க அது நிறைந்தது.

  அந்தப் பல்லின் உள்பக்கத்தில், நாக்குப் படுகிற இடத்தில், ஒரு சின்னப் புடைப்பு உண்டு. எல்லோருக்கும் இருக்காது. எனக்கு இருக்கிறது. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் என் வாயில் நாக்கால் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்துத்தான் அந்தப் பல்லைச் செதுக்கப் பழகினேன். அதனால் கை தானாகவே அந்தப் புடைப்பை வைத்துவிடும். டாக்டர் யாரும் கேட்டதில்லை, வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. கிழங்குக்கும் வைத்திருந்தேன். இந்தப் படத்தைப் போட்டபோது இது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது திரையில் அந்தப் புடைப்பு பட்டாணி அளவுக்குத் தெரிந்தது. என் கையெழுத்தைச் சுவரில் எழுதி வைத்த மாதிரி இருந்தது.

மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். நான் நினைக்கவில்லை. கண்டுபிடி, கண்டுபிடி என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். இவள் பார்க்க நான் செதுக்கிய பற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இதோ, திரும்பப் போகிறாள். அடிப்பாவி, இது நீ செஞ்சதாடி என்று என் முதுகில் ஒன்று வைக்கப் போகிறாள். புதுசு அப்படியே நிற்பாள், நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். எனக்கு அவளை அவமானப்படுத்தவெல்லாம் வேண்டாம். இது மட்டும் போதும்.

பீங்கான் நிதானமாகப் பார்த்தாள். வேலையில் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“நிஜப் பல்லுதான்” என்றாள். “எவனோ டாக்டர்கிட்ட பிடுங்கினதை வாங்கி ஒட்டியிருக்கான். இவ்வளவு நல்ல பல்லை ஏன் பிடுங்குனாங்களோ, பாவம்.” பிறகு திரும்பினாள். என் பக்கம் இல்லை. “ஏ புதுசு, எங்கேர்ந்துடி பிடிக்கிற இதையெல்லாம்?”

புதுசு என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன். கத்தி காய்ந்து சிவந்துபோயிருந்தது, அதை மெழுகில் வைத்ததும் பாதி செதுக்கியிருந்த பல் அப்படியே உருகி ஓடிவிட்டது.

டீ நேரத்தில் நான் எழுந்திருக்கவில்லை, உருகின பல்லைத் திரும்பச் செதுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பீங்கான் “வாயேன்டி” என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டாம் தடவை கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை.

சாயங்காலம் வார்ப்பு முடிந்த பற்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு மெருகு அறைக்குப் போனேன். வழக்கமாக வெளியே இருக்கிற பலகையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு புதுசு வெளியே வந்து தட்டை வாங்கினாள். உள்ளே வரச் சொன்னாள். சக்கரத்தை நிறுத்தினாள். இரைச்சல் நின்றதும் அந்த அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

“அக்கா, அந்தக் கிழங்கு நீங்கதானே?” என்றாள்.

“எந்தக் கிழங்கு?” என்றேன்.

அவள் தட்டிலிருந்து ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து, உள்பக்கத்தை எனக்குக் காட்டினாள். “இந்த மேடு. ஒண்ணரை வருஷமா என் சக்கரம் இதுலதான்க்கா தடுக்கும். பழைய கூடத்துல மத்தவங்க பல்லுன்னா ஒரே இழுப்புல போயிடும். உங்க பல்லுக்கு மட்டும் சின்னச் சக்கரம் மாத்தி, சுத்திச் சுத்திப் போடணும். இந்த மேட்டை அழிக்கக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துப் போடுவேன். படத்தைப் பார்த்ததுமே கை தடுக்குற மாதிரி இருந்துச்சு.”

 நான் இவளைக் கரித்துக் கொட்டிய ஒவ்வொரு நாளும் இவள் என் பல்லுக்குச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“தெரிஞ்சே எதுக்கு அனுப்பின?” என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

“பீங்கான் அக்காவுக்குத்தான்க்கா அனுப்பினேன். பார்த்ததும் உங்களைக் கண்டுபிடிச்சிடுவாங்க, ரெண்டு பேரும் சிரிப்பீங்கன்னு நெனச்சேன். இப்பல்லாம் நீங்க முன்ன மாதிரி அவங்களுக்கு எதையும் காட்டுறதில்லையே. என்னாலயோன்னு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.”

“அப்ப எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே, இது இன்னார் செஞ்சதுன்னு.”

“சொல்லத்தான் வந்தேன்.” அவள் பல்லைத் தட்டில் வைத்தாள். “அவங்க பார்த்துட்டு நிஜப் பல்லுன்னு சொன்னாங்களா, அப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். அதுக்கப்புறம் சொல்லத் தோணல.”

இவளுக்கு எந்த மூலையிலாவது கொஞ்சம் கெட்ட எண்ணம் இருக்காதா என்று தேடினேன். இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். யார் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேனோ அவள் திரும்பவில்லை. இவள் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். இவளை இன்னும் பிடிக்காமல்தான் இருந்தது, முன்னைவிட அதிகமாகவே.

“நான் வேணா இப்ப போய்ச் சொல்லட்டுமா?” என்றாள். “இது அக்கா வேலைன்னு. அவங்க அப்படியே அசந்துபோயிடுவாங்க.”

“வேண்டாம்.”

“ஏன்க்கா?”

“சொல்லித் தெரியணும்னா, நானே சொல்லியிருக்க மாட்டேனா?”

அவளுக்குப் புரிந்தது. சக்கரத்தைப் போடப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள்.  வெளியே மேசைகளைத் துடைத்து ஒழுங்கு செய்கிற சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பீங்கான் முகக்கவசத்தைக் கழற்றியபடி போனும் கையுமாக வருவது தெரிந்தது. பாதி வழியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“அடியே, இங்க வாயேன்” என்று கூப்பிட்டாள். “எவனோ அந்தக் கிழங்குப் படத்துல டூத் பிரஷ் வரைஞ்சு கொடுத்திருக்கான், வந்து பாரு.”

புதுசு நகரவில்லை. “போங்கக்கா, கூப்பிடுறாங்க” என்றாள், மெதுவாக.

“உன்னைத்தான் கூப்பிடுறா, போ” என்றேன்.